கனடா ரீச்சர்

அன்றைக்கு அந்தத் தேவாலயத்தின் பேஸ்மென்ட் மண்டபத்தில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீச்சர். ரீச்சரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. மன்னாரிலிருந்து வந்த புருஷனும் பெண்சாதியும். டோனட் கடையில் வேலைசெய்த மட்டக்களப்புத் தம்பி. என் புருஷன். ரீச்சரின் ஏழு வயது மகள். கடைசியாக, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் நான். இவ்வளவு பேர்தான். பிற்பாடு ரீச்சருக்கு நல்ல பெயர் வந்ததும் ரொறன்ரோவில் எங்கள் பார்க்டேல் பகுதியில் பாதிப் பேர் "அண்டைக்கு நானும் அங்க நிண்டனான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நம்பவேண்டாம். வகுப்பின் மற்ற ஆட்களுக்கு அந்த ஞாயிறு வேலை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தீவுப்பகுதியில் பிறந்து, எண்பத்துநான்கில் புருஷனோடு ரொறன்ரோவுக்கு வந்தேன். படிப்பு விட்டுப்போன இடம் எனக்குள் வெறுமையாகக் கிடக்கவில்லை. கவலை வந்து அதில் குடியிருந்துகொண்டது. லிப்டில் ஏறினால் நடுவில் நின்றுவிடுமோ என்று கவலை. நிற்காமல் போய்ச் சேர்ந்தால், இன்றைக்கு நிற்காதது நாளைக்குத்தான் நிற்கப்போகிறது என்று கவலை. ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு வரும் என் புருஷன் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லுவார்: "நீர் கவலைப்படுறதுக்கு ஆராவது மணித்தியாலக் கணக்கில சம்பளம் தந்தால், நாங்கள் இப்ப அஜக்ஸில வீடு வாங்கியிருப்பம்."

ரீச்சர் எங்கள் மாடியிலேயே இரண்டு கதவு தள்ளி இருந்தார். மட்டக்களப்புப் பக்கம். ஊரில் இங்கிலிஷ் படிப்பித்தவர். புருஷன் எண்பத்துமூன்றில் இல்லாமற்போனவர். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்து இறங்கி, அட்டைப்பெட்டி செய்யும் ஃபக்டரியில் சேர்ந்தார். அவருடைய ஊர்ச் சான்றிதழ்களை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார்.

நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த அடுத்த வருஷம், ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. வளைகுடாவில் ஒரு இங்கிலிஷ் நிலையம். கோடைகால வகுப்புகளுக்குக் கனடாவிலிருந்து ஆசிரியர்கள் தேவை. விமானச் செலவு அவர்களுடையது. ரீச்சர் எழுதிப் போட்டார். வேலை கிடைத்தது. ஃபக்டரியில் லீவு கேட்டார், சம்பளமில்லாத லீவு கொடுத்தார்கள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அங்கே போய் இறங்கிய விமான நிலையத்தில் நடந்ததை அவர் சொல்லும்போது எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். இங்கிலிஷ் நிலையத்து ஆள் ஒருவன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். ரீச்சர் போய் அவன் முன்னால் நின்றாராம். அவன் தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, ரீச்சருக்குப் பின்னால் பொன்னிறத் தலைமயிரோடு யாராவது வருகிறார்களா என்று பார்த்தானாம்.

"மறுகா நான் சொன்னன், தம்பி, பின்னால ஒருத்தரும் இல்ல, கனடா முழுக்க நான்தான் எண்டு," என்றார் ரீச்சர்.

அந்த இங்கிலிஷ் நிலையத்தின் வாசலில் அவருக்காக எழுதிய பலகை மட்டும் மாறவில்லை. கனடா ரீச்சர் என்றுதான் போட்டிருந்ததாம். "பாத்தீங்களா அக்கா, அங்க போனாத்தான் நான் கனடா ரீச்சர். கனடாவுக்குள்ள நான் பெட்டி ஒட்டுறவ."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இருக்காது. கோபம் எனக்குத்தான் வரும்.

அந்த ஊர் வெயிலில் வசதியுள்ள குடும்பங்கள் ஆனி பிறந்ததும் குளிர் நாடுகளுக்குப் போய்விடுமாம். போக வழியில்லாமல் மிஞ்சுகிறவர்களுக்குத்தான் கோடைகால வகுப்பு. காரோட்டிகள், கடைகளில் பில் எழுதுகிறவர்கள், மலையாளத் தாதிகள் இரண்டு பேர், ஒரு சூடான் நாட்டுக் காவலாளி. பகல் முழுக்க வெயிலில் வெந்துவிட்டு, பொழுதுபட்டபின் குளிரூட்டி உள்ள அறைக்குள் வந்து உட்கார்ந்தால் நித்திரைதான் வரும், இங்கிலிஷ் எங்கே வரும்?

"முதல் நாள் புத்தகத்த விரிச்சன் அக்கா. இது பேனை, அது மேசை எண்டு. முன் வரிசையில ஒரு காரோட்டி, நல்ல நித்திரை. அவருக்குப் பேனையால என்ன பிரயோசனம்? புத்தகத்த மூடிப்போட்டு, கதிரையெல்லாம் வட்டமாப் போடச் சொன்னன். இண்டைக்கு என்ன சொல்லத் தேவைப்பட்டு, சொல்ல ஏலாம வாய்க்குள்ளயே நிண்டது எண்டு ஒவ்வொருத்தராக் கேட்டன்."

காரோட்டி கண்ணைத் திறந்தாராம். அவர் ஓட்டும் காரின் பிரேக் கத்துகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற கார். முதலாளியிடம் சொல்ல மொழி இல்லை. கையைக் காட்டிச் சொன்னால் முதலாளி சிரிக்கிறார். அன்றைய பாடம் அதுதான். சூடான் காவலாளி முதலாளியாக நடித்தார். காரோட்டி சொன்னார், 'முதலாளி' ஏசினார், காரோட்டி விடாமல் திருப்பிச் சொன்னார், வகுப்பு முழுக்க அவருக்காகக் கத்தியது. இரண்டு நாளைக்குப் பிறகு அவர் ஒரு பெட்டி இனிப்போடு வந்தாராம்.

"அவர் சொன்ன வசனத்தில ஆறு பிழை அக்கா. ஆனா பிரேக் சரியாயிட்டு."

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த எட்டு வருஷத்தில் ஒரு வாத்தியாரும் என்னிடம் எனக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பேனோ என்னவோ.

இரண்டு கோடைகள் அப்படிப் போய்வந்தார். அந்த இரண்டு கோடையும் பிள்ளை என்னிடம். பல்கனிக் கதவுக்கு முன்னால் கதிரையை நிறுத்தி, அந்தக் கதிரைக்கு முன்னால் நான் பாய் விரித்துப் படுப்பேன். பிள்ளை நடக்கத் தொடங்கி எத்தனையோ வருஷம், கதவைத் திறந்து விழுகிற வயதில்லை என்று என் புருஷன் சொல்லுவார். என் தலைக்கு அது ஏறாது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ரீச்சர் போன் எடுப்பார். பிள்ளை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாது. தலையை மட்டும் ஆட்டும். நான் பக்கத்தில் நின்று வாயை ரிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோய், "ஓம் எண்டு தலையாட்டுறா ரீச்சர்... இப்ப இல்லையெண்டு ஆட்டுறா" என்று சொல்லுவேன். கடல் கடந்து காசு கொடுத்து எடுக்கிற போனில் நான் பிள்ளையின் தலைக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றேன்.

இரண்டாம் கோடை முடிந்து ரீச்சர் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து பிள்ளைக்கு வாங்கின சட்டைகளை எடுத்துப் போட்டார். பிள்ளை ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி, மரியாதையாக, "நீங்கள் எத்தினை நாள் நிப்பீங்கள்?" என்று கேட்டது.

ரீச்சர் சிரித்தார். பிறகு எழும்பிப் போய், நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகளை எடுத்து இன்னொருமுறை கழுவினார்.

ஆனால் மூன்றாம் கோடையும் போகாமல் இருக்க முடியாதபடி ஒரு முடிச்சுப் போட்டிருந்தார் அந்த நிலையத்து முதலாளி. கடைசி மாதச் சம்பளத்தைக் கையில் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் வந்ததும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல ரீச்சர்மார் வேறு நிலையத்துக்குத் தாவிவிடக்கூடாது என்பதற்காக அவர் கையாண்ட வழி அது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் அந்தக் காசை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

பெட்டி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க மனமில்லாத ரீச்சருக்கு ஒரேயொரு வழி இருந்தது. இங்கேயே, ரொறன்ரோவிலேயே, படிப்பிக்கிற வேலை ஒன்று கிடைக்கவேண்டும். கிடைத்தால் பிள்ளையை விட்டுப் போகத் தேவையில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் தேவாலயத்துப் பாதிரியார் சுவாமியைக் கேட்டு, பேஸ்மென்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இலவச வகுப்புத் தொடங்கினார். ரீச்சர் சைவம், மாதாவின் படத்துக்குக் கீழே நின்றுதான் படிப்பித்தார். கதிரைகள் வட்டமாக. புத்தகம் மூடி. என் புருஷன் எங்கள் அபார்ட்மென்டில் கரப்பான் பூச்சி என்று கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிண்டெண்டனிடம் போராடுவதை அங்கேதான் முதலில் நடித்துப் பார்த்தார். சூப்பரிண்டெண்டனாக நடித்த டோனட் கடைத் தம்பி, "கரப்பான் வாடகை கட்டுதோ?" என்று இங்கிலிஷில் கேட்டு என் புருஷனை மடக்கிவிட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மேலே செபம் சொல்லிக்கொண்டிருந்த சுவாமி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

தபாலதிபர் ஐயாவுக்கு இங்கிலிஷ் தெரியும். எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். மனுசி ஊரில், மகன் வேலையில், வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல்தான் வகுப்புக்கு வந்தார். பிழையைக் கேட்டால் பல்வலி வந்தவர்போல முகத்தைச் சுளிப்பார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

எண்பத்தெட்டு வசந்தத்தில் ரீச்சர் எங்கெங்கோ போன் பண்ணி, நகரப் பள்ளிக்கூடச் சபையில் வளர்ந்தவர்களுக்கு இங்கிலிஷ் வகுப்பு நடத்தும் பகுதிக்குப் பொறுப்பான ஒருவரைப் பிடித்தார். அந்த மனிதர் நேர்மையாகச் சொன்னாராம்: உங்கள் சான்றிதழை எனக்கு வாசிக்கத் தெரியாது; உங்கள் வகுப்பை வந்து பார்க்கிறேன்; உங்கள் மாணவர்கள் பேசுவதைக் கேட்கவேண்டும்; அது போதும்.

ரீச்சர் எங்களிடம் வந்து, "ஒருத்தர் பாக்க வாறார். நீங்க வழமைபோல இருங்க, அவ்வளவுதான்," என்றார்.

அவர் போனதும் தபாலதிபர் ஐயா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வழமைபோல எண்டு சொல்லுறது ரீச்சரின்ர பெருந்தன்மை. அதுக்காக நாங்கள் வெறுங்கையோட இருக்கேலுமே? வாறது அதிகாரி. எங்கட ரீச்சரை நாங்கள் எப்பிடி வைச்சிருக்கிறம் எண்டு அவர் பாக்க வேணும்."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்தேன். மன்னார் அக்கா சூப்பர்மார்க்கெட்டில் கார்னேஷன் பூ வாங்கி நூலில் கோத்து மாலை கட்டினா. ஐயா நாலு பக்கத்தில் வரவேற்புரை எழுதினார். அன்றைக்குக் காலையிலேயே கதிரைகளை வரிசையாகப் போட்டோம். சுவாமியின் அறையிலிருந்து கை வைத்த பெரிய கதிரையைத் தூக்கி வந்து முன்னால் வைத்தோம். எல்லாம் முடிந்தபின் ஐயா கடைசிக் கட்டளையைச் சொன்னார்.

"ஒண்டு சொல்லிப்போட்டன். சரியாத் தெரிஞ்ச வசனத்தை மட்டும் சொல்லுங்கோ. தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நீங்கள் பிழையாக் கதைச்சால் அவமானம் உங்களுக்கில்லை, ரீச்சருக்கு."

எங்கள் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

ரீச்சர் விருந்தாளியை அழைத்துவர ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராம் நிறுத்தத்துக்குப் போயிருந்தார். நான் அவர் வருகிறாரா என்று படியேறி மேலே போய்ப் பார்த்தேன். ரீச்சரைக் காணவில்லை. ஆனால் ஒரு மண்ணிறக் கார் வந்து, தேவாலயத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரர் இறங்கினார். கையில் கோப்பு.

போன மாரிக் குளிரில் எங்கள் சிநேகிதர் ஒருவர் அதே இடத்தில் காரை விட்டவர். பக்கத்துக் கட்டடக்காரன் ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருப்பான், ஒரு போன், இழுக்கிற ட்ரக் வந்துவிடும். சிநேகிதரின் கார் நகரத்தின் மறுகரையில் ஒரு முள்வேலிக்குள் கிடந்தது. அந்த ஞாபகம் எனக்கு முன்னால் பலகை போட்ட மாதிரித் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் படியேறி வந்த ஐயா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னேறி, மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

ரீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது வரவேற்புரை இரண்டாம் பக்கத்தில் இருந்தது. விருந்தாளி பெரிய கதிரையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரிசையாக, கை கட்டி. ரீச்சர் வாசலில் நின்று வரிசைகளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "வடிவா இருக்கு ஐயா," என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கு இன்றைக்கும் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பி ஒரு வருஷம் ஓடியவர். நாங்கள் அதைப் பரிசளிப்பு விழாவாக்கி வைத்திருக்கிறோம். அவர் முகத்தில் எங்களுக்கு வெட்கம் வரும்படி ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மிச்ச உரையைத் தேநீரோடு வாசிக்கலாம் என்று ஐயாவிடம் அன்பாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

டோனட் கடைத் தம்பியைப் பார்த்து, இந்தக் கிழமை கடையில் என்ன நடந்தது என்று இங்கிலிஷில் கேட்டார். மற்ற நாட்களில் அவனை நிறுத்தத்தான் பாடுபட வேண்டும். அன்றைக்கு எழும்பி நின்றான். கையைக் கட்டினான். "குட் மோர்னிங் ரீச்சர்," என்றான், பின்னேரம் இரண்டரை மணிக்கு. உட்கார்ந்துவிட்டான்.

மன்னார் அக்காவிடம் கேட்டார். அவ எழும்பி, "ஐ ஆம் ஃபைன்," என்று சொல்லிவிட்டு ஐயாவைப் பார்த்தா. ஐயா திருப்தியாகத் தலையசைத்தார்.

என் புருஷன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

விருந்தாளி கோப்பைத் திறந்தார். எழுதவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். பேனையை மூடினார். பின்வரிசையில் பிள்ளை கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் கரும்பலகைக்கு ஓடியிருப்பார்கள். ரீச்சர் உட்கார்ந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை. என் முகத்தில் வந்து நின்றார். என் கால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கண் படிக்கட்டையும் அந்த மனிதரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றார். பிறகு இங்கிலிஷில், மெல்ல, "ஏதோ ஒண்டு உங்கட வாய்க்குள்ள நிக்குது. எனக்குச் சொல்லாதீங்க. அவருக்குச் சொல்லுங்க."

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா கண்ணாலேயே வேண்டாம் என்றார். எனக்குச் சரியான வசனம் தெரியாது. ஆனால் ட்ரக் வரப்போகிறது.

"சேர்," என்று எழும்பினேன். "யுவர் கார். நோ குட் பிளேஸ். நெக்ஸ்ட் ஹவுஸ் மேன், பாட் மேன். ஹி டெலிபோன், ட்ரக் கம், கார் ஃபினிஷ்."

விருந்தாளி நிமிர்ந்தார். "எந்த இடம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. தம்பி எழும்பி, நீலக் கதவுக் கட்டடம், அங்கே நிற்பாட்டினால் அரை மணித்தியாலம்கூடத் தாங்காது என்றான். என் புருஷன், காசு ரொக்கமாகக் கேட்பார்கள், செக் எடுக்க மாட்டார்கள் என்றார். மன்னார் அண்ணை, முள்வேலி எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று தொடங்கிவிட்டார். எல்லாம் இங்கிலிஷில். ஒரு வசனமாவது நேராக நிற்கவில்லை. விருந்தாளி கேள்விமேல் கேள்வி கேட்டார், நாங்கள் பதில்மேல் பதில் சொன்னோம். அந்த நேரம் மேலே சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் படியேறி ஓடினோம். தாடிக்கார ட்ரக் சாரதி மண்ணிறக் காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டான். மாலையோடு ஓடிவந்த விருந்தாளி ஏதோ சொல்லப்போக, சாரதி அவரைக் கணக்கெடுக்காமல் ஐம்பது டொலர் என்றான்.

மன்னார் அண்ணை ஊரில் மீன் ஏலத்தில் நின்றவர். ஐம்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நேரானது. "ஃபிஃப்டி? நோ நோ. கார் ஹியர். நோட் கோ. ஸ்மோல் வேர்க்." பிறகு திரும்பி, "ரீச்சர், பாதிக்கு என்ன சொல்லுறது?"

ரீச்சர் மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹாஃப்," என்றார். அந்த முழு நேரத்திலும் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

"ஹாஃப்!" என்றார் அண்ணை, சாரதியிடம்.

சாரதி தலையாட்டவில்லை. மன்னார் அக்கா முன்னுக்குப் போய், உனக்கு அம்மா இருக்கிறாவா என்று கேட்டா. இருக்கிறா என்றான். இன்றைக்கு ஞாயிறு, அம்மா சமைத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பா, இதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போ என்றா. சாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் தபாலதிபர் ஐயா தொண்டையைச் செருமினார். இந்தக் கனவான் எங்கள் ஆலயத்தின் விருந்தினர், இவருடைய வாகனத்துக்கு நேர்வது எங்கள் அனைவருடைய மானத்துக்கும் நேர்வது என்று, அந்தக் காலத்து இங்கிலிஷில், ஒரு கடிதத்தை வாசிப்பதுபோலச் சொன்னார். சாரதி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கார்னேஷன் மாலையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"இருபது," என்றான். விருந்தாளி கொடுத்தார். கார் இறங்கியது.

கீழே வந்து தேநீர் குடித்தோம். விருந்தாளி ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். மாலையைக் கழற்றவில்லை. ரீச்சரைப் பார்த்து, பாடத்தை இனித் தொடங்கலாமா என்று கேட்டார்.

"பாடம் முடிஞ்சுது," என்றார் ரீச்சர், இங்கிலிஷில்.

அந்த மனிதர் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஐயா வரவேற்புரையின் மிச்ச இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தார். அதையும் அவர் இருந்து கேட்டார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் ரீச்சரின் கதவைத் தட்டி, "போன் வந்ததே?" என்று கேட்பேன். "வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சத்தம் கேக்கும் அக்கா, நீங்கதானே எங்கட கதவில காது வச்சிருக்கிறீங்க," என்பார்.

வந்தது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் காலை வகுப்பு. பார்க்டேலிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில், மேல்மாடி அறை. மணித்தியாலச் சம்பளம். வளைகுடாவில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அதே கிழமை வளைகுடாவிலிருந்தும் போன் வந்தது. டிக்கெட் போட்டாயிற்று, வாருங்கள், வந்திறங்கும் அன்றைக்கே போன வருஷத்து நிலுவையைக் கையில் தருகிறேன் என்றார் முதலாளி. வராவிட்டால் அந்தக் காசை மறந்துவிடவேண்டும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நிலையத்தின் வழக்கம் தெரியும்தானே என்று மட்டும் கேட்டார்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. போனால் பிள்ளை. போகாவிட்டால் காசு. "ரீச்சர், அது நீங்கள் அந்த வெயிலுக்குள்ள வேர்வை சிந்தி உழைச்சதெல்லே. பிள்ளையை நான் பாக்கிறன். ஒரேயொருக்கால் போய் வாங்கிக்கொண்டு வந்திடுங்கோ," என்றேன். பிள்ளை மேசையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. காதைக் கூர்மையாக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"வாங்கிக்கொண்டு வரும்போது இந்த வருஷத்துக் கடைசி மாதத்தப் பிடிச்சு வச்சுக்கொள்ளுவாங்க அக்கா," என்றார் ரீச்சர். "அப்பிடியே ஒவ்வொரு கோடையும் போகும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப அந்தக் காசை விடப்போறியளே?"

"விடுறன் எண்டு ஆர் சொன்ன? எழுதிக் கேப்பன். வருஷாவருஷம் கேப்பன். ஆனா போய்க் கேக்க மாட்டன்."

ஆடி மாதம் முதல் திங்கட்கிழமை காலையில் ரீச்சர் சான்றிதழுக்காகத் தலையணை உறைக்குள் கையே விடாமல், வெறும் கைப்பையோடு புறப்பட்டார். நானும் பதிந்திருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டோம். எங்களோடு போர்த்துக்கல்காரர், வியட்நாம்காரர், போலந்திலிருந்து வந்த ஒரு தச்சன். பிள்ளை கீழே விளையாட்டு மைதானத்தில். ஜன்னலால் பார்த்தால் தெரியும். ரீச்சர் இடைக்கிடை பார்த்துக்கொண்டார். ஒவ்வொருவராக, இன்றைக்கு வாய்க்குள் நின்றது என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். போலந்துத் தச்சன் எழும்பி முதலாளியைப் பற்றி முறையிடத் தொடங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வட்டத்தில் இருந்தவர்கள், தச்சனுக்காக நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

ரீச்சர் சொன்னபடியே வருஷாவருஷம் எழுதிக் கேட்டார், நிலையம் கைமாறி வேறு பெயரில் நடந்த காலத்திலும் கேட்டார். ஒருமுறைகூடப் பதில் வரவில்லை. அவர்கள் கனடா ரீச்சருக்கு இன்னும் தரவேண்டியது முந்நூற்றுப் பத்து தினார்.